இரண்டாவது பெஞ்சில் இடது ஓரம்

வேனின் முன்கண்ணாடியில் முட்டை உடைந்து வழிந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். காலை ஆறு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கினேன். எதிரே வெண்கலத்தின் மகன் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் நின்றிருந்தது. நாலு நாளாக விடாமல் தூறிக்கொண்டிருந்த மழையிலும் அந்த மஞ்சள் கரு கரையாமல் வைப்பரில் சிக்கிக்கொண்டு நின்றது. ஒன்றல்ல, மூன்று முட்டை. நான் நாற்பது வருஷமாக டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ஆணி தானாகக் குத்தியதா, எவனாவது குத்தினானா என்று டியூபைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். இதற்கு அந்தத் திறமைகூடத் தேவைப்படவில்லை. வைப்பருக்கு அடியில் ஒரு அட்டை செருகியிருந்தார்கள். ‘சாவில் சிரித்தவள் வீடு இது’ என்று எழுதியிருந்தது.

நாலாம் வகுப்புப் படிப்புக்கு அதைக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. படித்து முடித்ததும் கிழித்து, டியூபை முக்கிப் பார்க்கிற தொட்டித் தண்ணீரில் போட்டேன். ஒரு வாளி தண்ணீரும் பழைய துணியும் எடுத்துப் போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். முட்டை காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டும். பாதி துடைத்திருக்கும்போது வெண்கலமே வெளியே வந்துவிட்டாள். என் கையிலிருந்த துணியை வாங்கி மறுபாதியைத் துடைத்தாள். நல்ல முட்டையை வீணாக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு வெண்கலம் என்று பட்டம் வைத்தவர் மாடிவீட்டுக்காரர். அவருக்கு மாடிவீட்டுக்காரர் என்று பட்டம் வைத்தது ஊர். தொலைக்காட்சியில் வியாழக்கிழமை தோறும் ஏழு மணிக்கு வந்த சிரிப்புத் தொடரில் பதினோரு வருஷம் அவர் போட்ட வேஷம் அது. பழைய கட்டடத்தின் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குமாஸ்தா. கீழே வீட்டுச் சொந்தக்காரர். எப்போதும் இவரைக் காலி பண்ணச் சொல்லிக்கொண்டே இருப்பார். கழுத்துக்குக் கத்தி வருகிற நேரத்தில் இவர் ஒரு சின்ன வித்தையைக் காட்டித் தப்பித்துவிடுவார். கேமராவில் வெட்டி ஒட்டுகிற வேலையே கிடையாது. நிஜமாகவே வித்தைக்காரர் அவர். நடிக்க வருவதற்கு முன்னால் மேடை மேடையாக ஏறியவர். எங்கள் கண்முன்னால்தான் செய்வார். எங்களுக்கும் ஒரு மண்ணும் புரியாது.

எங்கள் என்றால், முப்பது பேர். தொடர் எடுக்கிற அரங்கில் ஐந்து பெஞ்சு போட்டிருக்கும். சனிக்கிழமை காலையில் கம்பெனி பஸ் வந்து எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். டீயும் பன்னும் கொடுப்பார்கள். எங்கள் வேலை சிரிப்பது. ‘சிரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா’ என்று என் மனைவி உயிரோடு இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரே காட்சியை ஐந்து தடவை எடுப்பார்கள். ஐந்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சிரிக்க வேண்டும். அரங்கை நடத்துகிற மேலாளர் ஒருவர் இருந்தார். அவரைக் கைக்காரர் என்போம். வலது கையை விரித்துத் தூக்கினால் நாங்கள் சிரிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். மாட்டுக்குக்கூட இவ்வளவு பழக்கம் வராது.

முப்பது பேர் சிரித்தாலும் தொலைக்காட்சியில் கேட்டது ஒரே சிரிப்புத்தான். வெண்கலப் பானை ஒன்று மாடிப்படியில் உருண்டு, ஒவ்வொரு படியிலும் கணீர் கணீரென்று அடித்துக்கொண்டு கீழே வந்து சேர்கிற மாதிரி இருக்கும். முதல் மாதத்திலேயே மாடிவீட்டுக்காரர் நடிப்பதை நிறுத்திவிட்டு, யாரும்மா அந்த வெண்கலம் என்று கேட்டார். அன்றைக்கே இரண்டாவது பெஞ்சில் இடது ஓரத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து இடம் எனக்கு. அவள் முகத்தை எந்தக் கடையிலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் சிரித்துவிட்டால் போதும், திரும்பிப் பார்த்து, நீங்கதானே அது என்பார்கள்.

அப்படி ஊர் கொண்டாடின சிரிப்புத்தான் இப்போது வேன் கண்ணாடியில் முட்டையாக வந்து விழுந்தது.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த மாடிவீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. அறுபத்தெட்டு வயது. மறுநாள் உடலை அந்த அரங்கிலேயே வைத்தார்கள். கம்பெனியின் யோசனை. மேலே விளக்கெல்லாம் எரிந்தது. ஓரத்தில் அந்த மாடிப்படி செட்டு அப்படியே நின்றது. தொடரில் போடுகிற நீளக் கோட்டையே அவருக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். நேரடி ஒளிபரப்பு வேறு. செத்த மனுஷனை வைத்தும் ஒரு நிகழ்ச்சி நடத்தினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். நாங்கள் முப்பது பேரும் போனோம். யாரும் சொல்லாமலே அவரவர் பெஞ்சில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம்.

கூட்டம் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது. கம்பெனி முதலாளி மைக்கில் வந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொன்னார். கேட்பாரில்லை. தோளில் கேமரா வைத்திருந்த ஆள் ஒருவன் உடலுக்குக் கிட்டே, முகத்துக்கும் கைக்கும் நேராக நகர்ந்துகொண்டிருந்தான். அப்போது கைக்காரர், பாவம், இரைச்சலை அடக்கலாமென்று கையைத் தூக்கினார். பதினோரு வருஷமாகத் தூக்கின அதே வலது கை, அதே விரித்த உள்ளங்கை.

நான் சிரித்துவிட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லை. பின்பெஞ்சிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆனால் எங்களுடையது யாருக்கும் கேட்கவில்லை, அதற்குள் வெண்கலம் சிரித்துவிட்டிருந்தாள். அரைகுறைச் சிரிப்பு இல்லை. முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை உருட்டினாள். அத்தனை தலையும் திரும்பியது. அத்தனை கேமராவும் அத்தனை போனும் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றன.

அந்த வீடியோதான் மழையைவிட வேகமாகப் பரவியது. சாயங்காலத்துக்குள் அவள் பேய் ஆகிவிட்டாள், காசுக்குச் சிரிக்கிறவள் ஆகிவிட்டாள். அவருடைய எதிரிகள் ஏற்பாடு செய்து அனுப்பிய ஆள் என்றுகூட ஒருவன் சொன்னான். எனக்கு ரசிகர்கள் என்றாலே ஆகாது. எவன் மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்களோ அவனுக்காக அடுத்தவனை அடிக்கக் காரணம் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதைவிட மோசம். வேனில் வருகிற பிள்ளைகளில் நாலு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குடும்பத்து ஆளை நம்பிப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று ஒரு தகப்பன் கேட்டானாம். இன்னும் இரண்டு பேர் போனால் சாவியை வாங்கிவிடுவேன் என்று வேன் முதலாளி சொல்லியிருந்தார். மருமகள் மருந்துக் கடையில் நிற்கிறவள். அங்கே மாத்திரை வாங்க வருகிறவர்கள் மாத்திரையைவிட மாமியாரைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள். மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மா கைக்காரர் கையைப் பார்த்துப் பழக்கத்தில் சிரித்துவிட்டாள், வேறொன்றுமில்லை என்று போனில் ஒரு விளக்கம் எழுதிப் போட்டான். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டான். நானும் அப்படித்தான் சிரிச்சேன் என்று போனைப் பார்த்துச் சொன்னேன். கிழவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு நூறு பேர் எழுதினார்கள்.

அந்த விளக்கத்தைப் பற்றி வெண்கலம் வாயே திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அவள் சிரிப்பு கைக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று என் இடது காதுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மழை வலுத்தது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் குடையோடு ஓடி வந்து, அத்தையை சலவைக்கூடத்தில் தனியாக விட்டுவிட்டார்களாம், கொஞ்சம் போய்ப் பாருங்க மாமா என்றாள். வெண்கலம் வேலை செய்கிற இடம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற கூடம். தகரக் கூரை, நடுவில் பாய்லர், சுற்றிலும் ஆவி. ரத்தக் கறை பட்ட விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் தனியே ஊறப் போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை செத்தாலும் போகாது. மற்றதெல்லாம் வெந்து, பிழிந்து, காய்ந்து, சூடான உருளைக்குள் நுழைந்து தட்டையாக வெளியே வரும். வந்ததும் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, மடித்து, எதிரும் புதிருமாக நடந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை.

அவளோடு ஒன்பது வருஷம் மறுமுனையைப் பிடித்தவள், இனிமேல் இவளோடு நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளும் மாடிவீட்டுக்காரருக்காக அழுதவள்தான். வேறு யாரும் முன்வரவில்லை. மேற்பார்வையாளர் மடிக்கிற வேலையை வெண்கலத்தின் தலையிலேயே கட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் போனபோது அவள் விரிப்பின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து வைத்துக்கொண்டு, மறுமுனையை இழுத்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முனையைப் பிடித்தேன். கிரீஸ் பிடித்த கை. முதல் விரிப்பிலேயே என் கட்டைவிரல் தடம் விழுந்துவிட்டது. மறுபடி ஊறப் போடச் சொல்லித் திட்டினாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தேன்.

இருபது விரிப்பு மடித்தோம். அப்புறம் கேட்டுவிட்டேன்.

“கைக்காரர் கை மேல வர்றதுக்கு முன்னாடியே நீ சிரிச்சிட்டே. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

“உன் பையன் கையப் பார்த்துச் சிரிச்சேன்னு எழுதியிருக்கான்.”

“அவன் எழுதினான். நான் சொன்னேனா?” விரிப்பை உதறினாள். “அந்தாளு கைய நான் பார்த்ததே இல்லண்ணே. பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட.”

அடுத்த அரைமணி நேரத்தில், மடிப்புக்கு ஒரு வார்த்தை என்கிற கணக்கில், விஷயத்தை வாங்கினேன். அவளுக்குப் பட்டம் வைத்த அதே மாதத்தில் மாடிவீட்டுக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். முப்பது பேரும் கையைப் பார்க்கட்டும், நீ மட்டும் என்னைப் பாரு என்றிருக்கிறார். அவர் இடது தோளை லேசாக இறக்கினால் அவள் சிரிக்க வேண்டும். நகைச்சுவை வந்ததா வரவில்லையா என்று பார்க்கக் கூடாது. அவள் சிரித்தால் பெஞ்சில் இருக்கிறவன் திரும்புவான், எதிரே நடிக்கிறவன் திரும்புவான், கேமராக்காரன்கூட ஒரு கணம் திரும்புவான். அந்த ஒரு கணம் அவருக்குப் போதும். எடுக்க வேண்டியதை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுவார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார். பெற்ற பிள்ளையிடம்கூட. இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். என்றைக்காவது என் தப்பால் ஏதாவது வெளியே தெரிகிற மாதிரி இருந்தால், தோளுக்குக் காத்திருக்காதே, சிரித்துவிடு.

“அன்னிக்கு அந்தக் கோட்ட எவனோ விவரம் தெரியாதவன் மாட்டியிருக்கான்” என்றாள். “கேமராக்காரன் கிட்டப் போறான். அவர் சட்டைக்கைல ஒண்ணு எட்டிப் பார்க்குது. ரெண்டு விரல் அகலம். அவரால உள்ள தள்ளிக்க முடியுமா? சொல்லுங்க. படுத்திருக்காரு.”

எனக்கு ஆவியில் மூக்கு ஒழுகியது.

“நான் சிரிச்சேன். எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினாங்க. அவர் வீட்டம்மா தலைமாட்டுல நின்னவங்க, அவர் கையப் பிடிச்சிக்கிற மாதிரி அதை உள்ள தள்ளிட்டாங்க. அவங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாங்க. வேலை முடிஞ்சுது.”

இதைச் சொன்னால் மொத்த ஊரும் காலில் விழுமே என்றேன். அதற்கு அவள், இதைச் சொன்னால் எட்டிப் பார்த்தது என்ன என்று கேட்பார்கள், அது தெரிந்தால் அவர் செய்ததில் பாதி வித்தை போச்சு என்றாள். சரி, பையன் சொல்கிற மாதிரி கையின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயேன் என்றேன். விரிப்பின் முனையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“செத்தவருக்கு நான் செஞ்ச கடைசி வேலை அது. அதப் போய் தப்பா செஞ்சிட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?”

வாக்குக் கொடுத்தவள் அவள், நான் இல்லை. இதைச் சொன்னதற்காக என்னைத் திட்டுவாள். திட்டட்டும். ஊரே அவளைத் திட்டினபோது நான் பொய்ச்சாட்சி சொன்னவன். ஆனால் சட்டைக்கையில் எட்டிப் பார்த்தது என்ன என்று மட்டும் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டும் பிரயோசனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசிகர் மன்றத்து ஆட்கள் வந்தார்கள். முன்கூட்டியே மகனிடம் பேசி வைத்துவிட்டார்கள். அவள் போனுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது, அதை அவர்கள் போடுவது, அதோடு விஷயத்தை முடித்துக்கொள்வது என்று ஒப்பந்தம். இருபது பேர் குடைகளோடு தெருவில் நின்றார்கள். உள்ளே வந்தது இரண்டே பேர். ஒருவர் மன்றத்துத் தலைவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்தார். இன்னொருவன் போன் பிடிக்க வந்தவன். சண்டை போட வருகிறவன் செருப்பை ஒழுங்காக வைத்தால் எனக்குச் சந்தேகம் வரும். நான் சுவரோரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மருமகள் எல்லோருக்கும் டீ வைத்தாள், ரொட்டி சுட்டு வைத்தாள். யாரும் தொடவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் கத்தவில்லை. தன் மனைவி ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னார். வியாழக்கிழமை ஆனால் வலி ஊசி வேண்டாம் என்பாளாம். ஊசி போட்டால் தூக்கம் வரும், மாடிவீட்டுக்காரரைப் பார்க்க முடியாது. கடைசி வியாழக்கிழமையும் பார்த்துவிட்டுத்தான் போனாளாம்.

“அந்த மனுஷன் படுத்திருக்கும்போது சிரிச்சீங்கம்மா. என் பொண்டாட்டியக் கெடத்தி வச்சிருக்கும்போது யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.”

வெண்கலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு அப்படி இருந்ததற்கு எனக்கு வருத்தம்தான் என்றாள். மகன் உடனே போன்காரனைப் பார்த்தான், எடுத்துக்கொண்டாயா என்கிற மாதிரி.

“அது போதாதும்மா” என்றார் கடைக்காரர். “உங்க பையன் போட்டிருக்கிற விளக்கம் பொய். நான் அந்த வீடியோவ நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டேன். அந்த ஆளு கை இடுப்புக்கு மேல வரும்போதே நீங்க சிரிச்சாச்சு.”

மகன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கே அது தெரியாது. நானும்தான் சிரிச்சேன் என்று நான் ஆரம்பித்தேன். போன்காரன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“கையப் பார்த்துச் சிரிக்கலதான்” என்றாள் வெண்கலம்.

“அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?”

“சிரிக்க வேண்டியிருந்துச்சு.”

வெளியே யாரோ, இன்னும் என்ன பேச்சு என்று கத்தினார்கள். மகன் தாயின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிடேன் என்றான். வேனைப் பற்றிச் சொன்னான், அடுத்த மாத வாடகையைப் பற்றிச் சொன்னான். சொல்லித் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணே, உங்க டீ ஆறுது என்றாள், திரும்பாமலே. வாயை டீயால் அடைத்தேன்.

அவளுக்கு அப்போது என்ன தோன்றியதோ, கடைக்காரரைப் பார்த்து, உங்க வீட்டம்மாவுக்கு எந்தப் பாகம் ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டாள்.

சண்டைக்கு வந்தவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் ரசிகர், எப்படிச் சொல்லாமல் இருப்பார்? நூற்றுப் பன்னிரண்டாவது பாகம் என்றார். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிக் காகிதம் கொண்டுவருவார். அதில் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடப் போனால் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் காணோம். எல்லாப் பையையும் தடவுவார். கடைசியில் பார்த்தால் கண்ணாடி மீன்தொட்டிக்குள் கிடக்கும். ஒரு மீன் வந்து கண்ணாடி வழியாக அவரையே உற்றுப் பார்க்கும். மாடிவீட்டுக்காரர் மீனிடம், நீங்க படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க ஐயா என்பார். இதைச் சொல்லும்போதே கடைக்காரர் குரல் அந்த மனுஷனுடைய குரலாக மாறிவிட்டது. போன்காரன் குலுங்கிச் சிரித்ததில் போன் ஆடியது. அடுப்பருகே நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன்கூடச் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் பல்லை அப்போதுதான் பார்த்தேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். “அதுலயும் நீங்க முன்னாடியே சிரிச்சிருப்பீங்க. வீட்டுச் சொந்தக்காரரு மொதப் பைய தடவும்போதே. அங்க சிரிக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. இந்தம்மாவுக்கு அவசரம்னு என் பொண்டாட்டிகூட சொல்வா. சொந்தக்காரரா நடிச்சவரே திரும்பி உங்களை ஒரு முறை முறைப்பாரு. கேமராகூட லேசா...”

நின்றுவிட்டார்.

“அறுபத்து நாலுலயும் அப்படித்தான்” என்றார், மெதுவாக. “பழத்தட்டு வர்ற பாகம்.”

வாசல் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் டீ டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

“எல்லாத் தடவையும் நான் உங்களைத்தான் பார்த்திருக்கேன்” என்றார். “அன்னிக்கும் நாங்க அத்தனை பேரும் உங்களைத்தான்... அன்னிக்கு அவர்கிட்ட என்னம்மா...”

“கேக்காதீங்க.”

“ஒரே ஒரு...”

“நான் சொல்லமாட்டேன். சொன்னா அப்புறம் உங்களால அந்த மீன்தொட்டியப் பார்க்க முடியாது. உங்க வீட்டம்மா பார்த்த மாதிரி பார்க்க முடியாது. வேணுமா?”

மீனை யோசித்தாரோ மனைவியை யோசித்தாரோ. “வேணாம்” என்றார்.

போன்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் வந்த வேலையில் குறியாக இருந்தான். அப்ப மன்னிப்பு என்று இழுத்தான். முன்னால் எடுத்ததையெல்லாம் அழிக்கச் சொன்னார் கடைக்காரர். அவர் பக்கத்திலேயே நின்று அழித்தாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்தார். அதற்குள் வெண்கலம் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனுக்கு நேராக நின்றாள்.

“அன்னிக்கு சிரிச்சது நான்தான். கையப் பார்த்துப் பழக்கத்துல சிரிக்கல. வாய் தவறியும் சிரிக்கல. வேணும்னுதான் சிரிச்சேன். இன்னொரு தடவை அப்படி ஆனாலும் சிரிப்பேன். அவரு மேல எனக்கு இருக்கிற மரியாதைய எவனுக்கும் நிரூபிக்க வேண்டியதில்ல. மன்னிப்பெல்லாம் கிடையாது. போதுமா?”

“போதும்” என்றார் கடைக்காரர். “அப்படியே போடு.”

தெருவில் நின்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மன்னிப்புக் கேட்டாளா என்றார்கள். கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம் என்றார். ஏன் என்றதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. நீயும் விலை போயிட்டியா என்று ஒருவன் அவருடைய குடையைத் தட்டிவிட்டான். அவர் குனிந்து குடையை எடுத்து, ஒடிந்த கம்பியை நிமிர்த்தி, அதைப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்தே போனார். ரசிகர்களைப் பற்றி நான் வைத்திருந்த கருத்தில் அந்த ஒரு ஆளை மட்டும் கழித்துக்கொண்டேன். மற்றவர்களைப் பற்றி அதே கருத்துத்தான்.

அன்றைக்கு வாசலை மூடியதும் மகன் தாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைக்காரருக்குப் புரிந்ததில் பாதி அவனுக்கும் புரிந்திருந்தது.

“எத்தனை வருஷமா?”

“பதினோரு வருஷமும்.”

“எங்கிட்டகூட சொல்லல.”

“சொல்லக் கூடாதுன்னா உங்கிட்டயும்தாண்டா” என்றாள். ஆறிப்போன டீயையெல்லாம் ஒரே பாத்திரத்தில் ஊற்றிச் சுட வைத்தாள். அந்த மறுசூட்டு டீயைத்தான் நாங்கள் நாலு பேரும் குடித்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். புது வீடியோவுக்கு முன்னதைவிட வசவு அதிகம். கண்ணாடிக் கடைக்காரரை மன்றத்திலிருந்து விலக்கினார்கள். வேனில் வந்த பிள்ளைகளில் இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். இந்த மாதம் முடியட்டும் என்று மகன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டானாம். முன்னெல்லாம் முதலாளி இருமினாலே எழுந்து நிற்கிறவன். சலவைக்கூடத்தில் மறுமுனை பிடிக்க ஆள் வரவில்லை. மழை நாட்களில் நான் போகிறேன். இப்போது கிரீஸ் ஒட்டுவதில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கம்பெனி பழைய பாகங்களை மறுபடி போட ஆரம்பித்தது. அஞ்சலியாம். அஞ்சலியிலும் விளம்பரம் ஐந்து தடவை வந்தது. நான் வெண்கலம் வீட்டில்தான் இருந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் மாடிவீட்டுக்காரர் பத்து வயது குறைந்து, படியில் இறங்கி வந்தார். அவருடைய இடது தோள் லேசாக இறங்கியது. இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே கணீரென்று அவள் சிரிப்பு.

எங்கள் பெட்டியில் மட்டும் இல்லை. எதிர்வீட்டிலிருந்து கேட்டது, மேல்மாடியிலிருந்து கேட்டது, அட்டை எழுதி வைத்தது எந்த வீடோ அங்கிருந்தும் கேட்டிருக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தெரு நெடுக உருண்டது. அவளைத் திட்டின ஒருவனாவது சத்தத்தை மூடிவிட்டுப் பார்த்தானா? மாட்டான். அது இல்லாவிட்டால் அவனுக்கு மாடிவீட்டுக்காரர் இல்லை.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதைக் கவனித்த மருமகள் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். மகன் வேண்டாம் என்றான். அவனே போய் அடுத்த ஜன்னலையும் திறந்துவிட்டு, திரும்பி வந்து பெட்டியின் சத்தத்தை முழுக்கத் திருகினான். சுவர் அதிர்ந்தது.

“டேய், தெரு முழுக்கக் கேக்குதுடா” என்றாள் வெண்கலம்.

“கேக்கட்டும்” என்றான்.